காந்தாரம் வரலை

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தம்புராவுல காந்தாரம் வரலை."

போன வருஷம் ஜூன் மாதம் பெரியம்மா போனில் சொன்ன வரி இது. எட்டு மாதம் இதை நான் சுமந்துகொண்டு திரிந்தேன். யாராவது வந்து "ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல இயர்போன் எது?" என்று கேட்டால் வாய் வழக்கம்போலப் பெயர்களைச் சொல்லும். உள்ளே பெரியம்மாவின் குரல் கேட்கும். நேர்காணல்களையும் கூட்டப் பதிவுகளையும் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் ஏதாவது ஒன்று என் காதில் இருக்கும். அதனால் சொந்தத்திலும் நண்பர்களிலும் இயர்போன் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் அக்கறையோடுதான் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டாயிரம் ரூபாய் என்பது பலருக்கு யோசித்துச் செலவழிக்கும் பணம் என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மா மயிலாடுதுறையில் இருக்கிறார். நாற்பது வருஷம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். மேடை ஏறியதில்லை, அதில் வருத்தமும் இல்லை. இப்போது எழுபத்தொரு வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனில் ஒரு மணி நேரத் தம்புராப் பதிவை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து மெல்ல ஸ்வரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேரன் பிளஸ் டூ போனதும் அந்தச் சத்தம் வீட்டில் சிக்கலானது. "காதுல மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கி அனுப்பு. உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே" என்றார்.

ஆயிரத்து எழுநூறு ரூபாயில் ஒயர் உள்ள இயர்போன் ஒன்றை வாங்கி அனுப்பினேன். காதுக்குழிக்குள் ரப்பர் முனை போய் அடைத்துக்கொள்ளும் வகை. வாங்கியதும் மூன்று வாரம் நானே அதைப் போட்டு வேலை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அந்த விலைக்கு அதைவிடத் தெளிவான ஒலியை நான் கேட்டதில்லை. அதனால்தான் காந்தாரம் வரலை என்று பெரியம்மா சொன்னபோது என் வாயிலிருந்து அந்தப் பதில் வந்தது. "வயசாகுதுல்ல பெரியம்மா, காது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்." அவர் ஒரு நொடி பேசவில்லை. "இருக்கும்பா" என்றார். அப்புறம் பேரனின் படிப்பைப் பற்றிப் பேசினோம். இயர்போன் அலமாரிக்குள் போய்விட்டது என்று அண்ணி பிறகு சொன்னாள்.

பெட்டியில் எழுதியிருப்பது

ஒரு இயர்போனை நான் எப்படிப் பார்ப்பேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரிச்சி தெருவில் கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்து இரண்டு நிமிஷம் கேட்கச் சொல்வார். அந்த இரண்டு நிமிஷத்தை நான் நம்புவதே இல்லை. ஒரே அளவு வால்யூமில் இரண்டு இயர்போன்கள் ஒரே சத்தம் தருவதில்லை. எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று நம் காது உடனே தீர்ப்பு எழுதிவிடும். சத்தம் கூடினால் அடிநாதமும் கூர்மையான ஓசையும் சேர்ந்து எழுந்து நிற்பது மனிதக் காதின் இயல்பு. 1933இலேயே பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்து, ஒரே பேச்சுப் பதிவை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, குரல் ஒரே உயரத்துக்கு வரும்வரை வால்யூமைச் சரிசெய்த பிறகுதான் ஒப்பிடவே தொடங்குவேன்.

பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. முந்நூறு ரூபாய்ப் பெட்டியிலும் அதுதான், முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அதுதான். அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் எவ்வளவு ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. எனக்கு மிருதங்கம் ஒன்று போதும். இடது பக்கத் தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி வாசிக்கும்போது அந்த ஓசை வளைந்து ஏறுவது கேட்க வேண்டும். வெறும் "தும் தும்" என்று வயிற்றில் குத்தினால் அது பாஸைக் கூட்டி விற்கிற சரக்கு. வலது பக்கமான வலந்தலையில் விழும் விரல், தோலில் பட்ட இடம் தெரிய வேண்டும். அடுத்து பெண் குரலில் வரும் "ஸ". ஆறாயிரம், ஏழாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இயர்போன் துருத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு "ஸ"வும் ஊசியாக இறங்கும். கடைசியாக நாகசுரமும் தவிலும். கூடு மாட்டிய விரல்கள் தவிலில் விழும் வேகத்தில் மலிவான பல இயர்போன்கள் எல்லா அடியையும் ஒன்றாகக் குழைத்துவிடும்.

விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது என் நெடுநாள் அனுபவம். யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவீடுகளை எடுத்து அவற்றின் கடை விலையோடு பொருத்திப் பார்த்து, இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை என்று 2017இல் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. குறைந்த காசு வைத்திருக்கிறவரிடமும் நல்ல ஒலி உங்களுக்கு உண்டு என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். கடந்த பத்து வருஷத்தில் சீனாவிலிருந்து வந்து குவிந்த சின்னச் சின்ன இயர்போன்கள் அதை மெய்ப்பித்தும் விட்டன. காது எதை விரும்புகிறது என்று ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவரோடு இருந்தவர்களும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச்செய்து, எந்த ஓசை எவ்வளவு ஏற வேண்டும் என்று காட்டும் ஒரு வளைகோட்டை வரைந்தார்கள். இன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்போன்கூட அந்தக் கோட்டை ஒட்டி ஒலிக்கிறது. பெரியம்மாவுக்கு நான் அனுப்பியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

இந்த அளவீடுகள் எல்லாமே ஒரு செயற்கைக் காதில் எடுக்கப்படுபவை. அதற்கு வியர்க்காது. அது தோடு போடாது. வலதும் இடதும் ஒரே அச்சில் வார்த்தவை. இயர்போன் அதில் எப்போதும் சரியாக உட்கார்ந்திருக்கும், ஒரு மணி நேரம் கழித்து "வலிக்குது" என்று கழற்றி வைக்காது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் ஒலி வேறு, சௌகரியம் வேறு என்று இரண்டு கணக்காக எழுதிப் பழகியிருந்தேன். முதலில் ஒலி, அதில் தேறியதற்குச் சௌகரியத்துக்காகக் கொஞ்சம் கூட்டலோ கழித்தலோ.

ஆறாவது மணி நேரம்

சௌகரியத்தைப் பற்றி என் காதே எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறது. தலையில் மாட்டும் ஹெட்போனில் ஒலியைவிட முதலில் தெரிவது பிடிப்பு. புதிதாக வாங்கியது இரண்டு பக்கமும் கிடுக்கிபோல் பிடிக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் கொம்பு, பஞ்சுக்கும் மண்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் காதுக்கு மேலே ஒரு புள்ளியில் வலி தொடங்கும். ஆறாவது மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளிதான் உலகம். கண்ணாடிக் கொம்பு பஞ்சைத் தூக்கிவிடும் சந்து வழியாக பாஸும் கசிந்து போய்க்கொண்டே இருக்கும். காதைச் சுற்றி மூடும் ஹெட்போனில் அடிநாதம் நிற்பதே அந்த மூடலால்தான்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காதை முழுவதும் மூடும் ஹெட்போனைப் போட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கழற்றும்போது காது வெந்த மாதிரி இருக்கும். மலிவு விலை ஹெட்போன்களில் பஞ்சின் மேல் தோல் மாதிரி இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே சிதையும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். தலைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். குளிர்ப் பிரதேசத்தில் இருந்துகொண்டு ஒருவர் "நாலு வருஷமாக உழைக்கிறது" என்று எழுதுவது அவருக்கு உண்மை. நமக்கு அப்படி இல்லை. பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா, வீட்டிலேயே கழற்றி மாற்ற முடிகிறதா என்பதை நான் ஒலிக்கு முன்னால் பார்ப்பதற்கு அதுதான் காரணம். துணி மாதிரியான வெல்வெட் பஞ்சு வியர்வைக்குத் தேவலை, அடிநாதம் சற்றுக் குறையும். அந்தக் குறையை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

இவ்வளவு தெரிந்தும், இவை எல்லாமே என் தலை, என் காது, என் வெயில். பெரியம்மாவின் காதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஆயிரம் முறை பார்த்த காது அது. கல் வைத்த தோடு, அதன் பின்னால் திருகு, விசேஷ நாட்களில் தோட்டிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல், இப்போது அதற்கு மேல் மூக்குக்கண்ணாடி. நான் அனுப்பிய இயர்போனின் ஒயர் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் போகும் வகை. கண்ணாடிக் கொம்பு இருக்கும் அதே இடம்.

490

ஜனவரியில் ஒரு நேர்காணலை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். தம்புரா செய்கிற பெரியவர் ஒருவர் பேசியிருந்தார். "மந்தரத்துல காந்தாரம் பேசணும். பேசலைன்னா ஜீவாவ நகத்தணும். பேசுற இடம் வர்ற வரைக்கும் நகத்திக்கிட்டே இருக்கணும்" என்றார். பதிவை நிறுத்தினேன். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். பெரியம்மா சொன்னதை ஏழு மாதமாக நான் ஒரு பேச்சு வழக்கு என்று நினைத்திருந்தேன். ஒலியில் ஏதோ நிறைவில்லை என்பதைப் பாட்டுக்காரர் பாணியில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஒரு ஸ்வரத்தைப் பற்றி.

தம்புராவில் நாலு கம்பி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். காந்தாரத்துக்கென்று கம்பி கிடையாது. குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே செருகும் நூல்தான் ஜீவா. அது சரியான இடத்தில் உட்கார்ந்தால், மந்தரக் கம்பியை மீட்டும்போது அதன் ஐந்தாவது மேற்சுரம், அதாவது கம்பியின் அடிச்சுரத்தோடு கூடவே பிறக்கும் ஐந்து மடங்கு அதிர்வுள்ள ஓசை, எழுந்து அந்தர காந்தாரமாகக் கேட்கும். ஒரு கம்பியை ஓரிடத்தில் மீட்டினால் அந்த இடத்தில் அசைவற்றுப் போகும் மேற்சுரங்கள் பிறக்கவே கூடாது என்பது யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி நிற்பதில்லை, காரணம் குதிரையின் வளைந்த அமைப்பு என்று 1921இல் சி.வி. ராமன் எழுதினார். நம் கைவினைஞர்கள் நூலை நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்த இடத்தை அவர் இயற்பியலில் எழுதிவைத்தார்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பெரியம்மாவுக்குச் சுருதி ஐந்து கட்டை. ஐந்து கட்டை ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்தரக் கம்பி அதில் பாதி, 98. அதன் ஐந்து மடங்கு 490.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. வயதானால் காது முதலில் இழப்பது மேலே உள்ள ஓசைகளை. நாலாயிரம், எட்டாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். 490 என்பது பேச்சுக் குரலின் நடுவில் இருக்கும் ஓசை. வயதின் காரணமாக முதலில் போவது அது இல்லை. அதுவும் நாற்பது வருஷம் அந்த ஒரு ஸ்வரத்தைத் தேடித் தேடிக் கேட்ட காது. பெரியம்மாவிடம் "வயசாகுதுல்ல" என்று சொன்னபோது அவர் மௌனமாக இருந்த அந்த ஒரு நொடி எனக்கு அப்படியே திரும்பி வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும், அது வயதில்லை என்று. இருந்தும் "இருக்கும்பா" என்றார்.

மாசி மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஒரு நாள் முன்னதாகவே மயிலாடுதுறைக்குப் போய்விட்டேன். அலமாரியிலிருந்து இயர்போனை எடுத்துக் கொடுத்து, "போட்டுக் காட்டுங்க பெரியம்மா" என்றேன். அவர் தோட்டில் இடிக்காமல் பக்குவமாக எடுத்துக் காதுக்குழியின் வாசலில் வைத்தார். அவ்வளவுதான், வைத்தார். உள்ளே போகவே இல்லை. கண்ணாடிக் கொம்பு ஒயரை மேலே தூக்க, ஒயர் இயர்போனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் முனை பெட்டியிலிருந்து வந்தபடியே நடுத்தர அளவு. அவருடைய காதுக்குழியோ சின்னது. வலது காதில் விளிம்பாவது தொட்டுக்கொண்டு நின்றது. இடது காதில் ஒரு பக்கம் முழுவதும் திறந்திருந்தது.

காதுக்குழியை அடைக்கிற இயர்போனுக்கு அந்த அடைப்புதான் உயிர். அதன் உள்ளே அதிரும் சிறிய தகடு நகர்த்தும் காற்று மிகக் கொஞ்சம். மூடிய சின்ன அறைக்குள்தான் அந்தக் காற்றால் அடிநாதத்தைத் தாங்க முடியும். சந்து இருந்தால் முதலில் 98 போகும், 196 போகும், சந்து பெரிதாக இருந்தால் ஐந்நூறு வரைக்கும் தேய்ந்துவிடும். மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இயர்போனில் வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்றம் மட்டும் அப்படியே நிற்கும். நம் காதுக்குழி ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். அது தானாகவே அந்த இடத்தை உயர்த்திக் கேட்டுப் பழகியது என்பதால் இயர்போனிலும் அந்த ஏற்றத்தை வைக்கிறார்கள். கீழே உள்ளது கசிந்து, மேலே உள்ளது மட்டும் நின்றால் தம்புரா என்ன ஆகும்? ஜீவாவின் ரீங்காரம் மட்டும் கொசு மாதிரிக் காதோரம் சுற்றும். நடுவில் இருக்கும் 490 அதில் மறைந்துவிடும். மூன்று வாரம் நான் கேட்டுப் பாராட்டிய ஒலி ஒருநாளும் பெரியம்மாவின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

பெட்டியைத் தேடி எடுத்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறையில் சிறிய ரப்பர் முனைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. மாற்றினேன். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றாமல் நேராகக் கீழே தொங்கவிட்டேன். பெரியம்மாவின் காது மடலை மேலேயும் பின்னாலும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் திருகி உள்ளே வைத்தேன். இரண்டு பக்கமும். பதிவை ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடினார். நாலு கம்பியும் ஒரு சுற்று வந்திருக்கும். இரண்டாவது சுற்று. வலது கையைத் தூக்கி, யாரையோ பேச்சை நிறுத்தச் சொல்வதுபோல் காட்டினார்.

"ம். வருது."

அன்று ராத்திரி

கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அளவு சரியான ரப்பர், சரியாக வைக்கும் முறை, சொல்லிக்கொடுத்தாயிற்று. அரை மணி நேரத்தில் பெரியம்மா அதைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லையாம். "கேக்கும்போது நல்லா இருக்குப்பா. பாட ஆரம்பிச்சா என் குரல் எனக்குள்ளயே பானைக்குள்ள பேசுற மாதிரி முட்டுது. சுருதி சேந்துச்சா இல்லையான்னே தெரியலை."

நான் இதை யோசித்தே இருக்கவில்லை. நான் கேட்கிறவன். அவர் கூடவே பாடுகிறவர். பாடும்போது நம் குரல் எலும்பு வழியாகக் காதுக்குழியின் சுவருக்கும் வருகிறது. குழி திறந்திருந்தால் அதன் கனமான பகுதி வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் உள்ளேயே மாட்டிக்கொண்டு முழங்கும். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டு "ம்" என்று சொல்லிப் பாருங்கள், அதுதான் இது. காது கேட்கும் கருவி பொருத்துகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. அதற்காகவே கருவியின் முனையில் காற்றுத் துளை விடுவார்கள். ஒலியில் தேறிய, அளவு சரிசெய்த, வலிக்காத இயர்போன், பெரியம்மா எதற்காகக் கேட்டாரோ அந்த ஒரு வேலைக்கு ஆகாது. எவ்வளவு நன்றாக அடைக்கிறதோ அவ்வளவுக்கு அவருடைய குரலை அவரிடமிருந்து மறைக்கும்.

என் பையில் காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ இருந்தது. 1984இல் வந்த வடிவம், இன்றும் அப்படியே விற்கிறார்கள். மெல்லிய பஞ்சுதான், காதை அடைக்காது, காற்று உள்ளே வெளியே போகும். காதுக்கு மேலே பொட்டுப் பக்கம் ஒரு சின்ன மெத்தை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதைப் பெரியம்மாவுக்கு மாட்டினேன். உடனே பாடினார். முகம் தெளிந்தது. "இதுல நான் இருக்கேன், தம்புராவும் இருக்கு" என்றார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் கழற்றும்போது அதன் உலோகப் பட்டை தலையில் நாலு வெள்ளை முடியைப் பிடித்து இழுத்துவிட்டது. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும் இடத்தில் முடி சிக்கும். அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். என் குட்டை முடிக்கு அது எப்போதாவது. கொண்டை போடுகிறவருக்குத் தினமும். பஞ்சின் கீழ் விளிம்பு தோட்டையும் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கல்யாணம் முடிந்ததும் கடைத்தெருவில் தேடினேன். வேண்டியது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. காதுக்குழிக்குள் போகாமல், வாசலில் மடலின் பள்ளத்தில் உட்காரும் பழைய வட்ட இயர்போன். வாக்மேன் காலத்தில் எல்லோரும் வைத்திருந்தோமே, அது. இப்போது கடைகளில் எல்லாம் உள்ளே அடைப்பவையும் ஒயர் இல்லாதவையும்தான். நாலாவது கடையில் ஒரு டப்பாவின் அடியில் கிடந்தது, முந்நூற்று ஐம்பது ரூபாய், கூடவே இரண்டு ஜோடிப் பஞ்சு உறை. இதையே பெரிய கடையில் யாராவது அளந்து வரைபடம் போட்டால் கீழே அடிநாதம் சரிந்து விழுவது தெரியும். நானே போட்டுக் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி பாதிதான் இருந்தது. முன்பு என்றால் அந்த இடத்திலேயே கீழே வைத்திருப்பேன்.

பெரியம்மா போட்டுக்கொண்டார். தோட்டில் படவில்லை, கண்ணாடியில் படவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பழைய சாமானைக் கையில் எடுப்பவர்போல் தானாகவே திருப்பி, பள்ளத்தில் அமர்த்திக்கொண்டார். இந்த வகையில் தகடு பெரியது, கசிவு இருக்கும் என்று கணக்கில் வைத்தே செய்வது. அதனால் கசிந்தாலும் நடுப்பகுதி ஓசை குலையாது. "மந்தரம் கொஞ்சம் தூரத்துல கேக்குது" என்றார். சரியாகச் சொன்னார். 98 அதில் மெலிந்துதான் வரும். ஆனால் 196, 294, 392, 490 என்று மேற்சுரங்கள் வரிசையாக நின்றால், அடிச்சுரத்தை மனித மூளை தானே நிரப்பிக்கொள்ளும். போன் ஸ்பீக்கரில் இத்தனை நாள் அவருக்கு மந்தரக் கம்பி கேட்டதும் அப்படித்தான். பிறகு பாட ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் கழற்றவில்லை. பக்கத்து அறையில் பேரன் படித்துக்கொண்டிருந்தான், கதவு திறந்தே இருந்தது.

நடுவில் ஒரு முறை என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தார். "கேக்குதா?" எனக்குத் தம்புரா கேட்டது, காந்தாரம் தனியாகத் தெரியவில்லை. "மீட்டுன உடனே தேடாத. அந்த நேரம் எல்லாம் கலந்து கெடக்கும். மந்தரம் அடங்கி வரும்போது, அடுத்த பஞ்சமத்துக்கு முன்னாடி பாரு" என்றார். ஐந்தாறு சுற்று போனது. அப்புறம் ஒரு சுற்றில், யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் மெல்ல எழுந்து நின்றுவிட்டுப் போனது. இத்தனை வருஷம் மிருதங்கத்தையும் தவிலையும் வைத்து ஒலியைச் சோதித்த எனக்கு இப்படி ஒன்றைத் தேடிக் கேட்கலாம் என்றே தெரியாது.

இப்போது யாராவது இயர்போன் கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. கண்ணாடி போடுவீர்களா, தோடு என்ன மாதிரி, ஒரு தடவை போட்டால் எவ்வளவு நேரம், படுத்துக்கொண்டு கேட்பீர்களா, கூடவே பாடுவீர்களா, வண்டிச் சத்தத்தில் கேட்பீர்களா என்று கேட்கிறேன். பஸ்ஸில்தான் கேட்பேன் என்கிறவருக்குப் பெரியம்மாவின் வட்ட இயர்போனைத் தரவே மாட்டேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். அவருக்குக் காதை நன்றாக அடைக்கிற வகைதான் பாதுகாப்பு. ஆனால் ரப்பர் முனையின் மூன்று அளவையும், இரண்டு காதுக்கும் தனித்தனியாக, வாங்கின அன்றைக்கே போட்டுப் பாருங்கள் என்று சொல்லாமல் விடுவதில்லை. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தால் தெரியும். எனக்கே அப்படித்தான்.

பெரியம்மாவிடம் அந்த "வயசாகுதுல்ல" பற்றி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை என்றார். நினைவிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

போன வாரம் போன் செய்தார். "தம்பி, அந்தப் பஞ்சு ஒண்ணு எங்கயோ விழுந்துடுச்சு. எடது பக்கம். அது இல்லாம அந்தப் பக்கம் மட்டும் மெலிஞ்சு கேக்குது. வரும்போது ஒரு பத்து வாங்கிட்டு வா."